வயிற்றுக்குத் தெரியாத மாத்திரை

ஒரு மாத்திரை ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எத்தனை நாளில் முடிவு செய்யலாம்? மூன்று நாளா, பத்து நாளா, ஒரு மாதமா? பதிமூன்று வருடம் மருந்துக் கடை கவுண்டரில் நின்ற எனக்கு இன்னும் இதற்குப் பதில் தெரியாது. மற்றவர்கள் கேட்டபோது ஏதோ ஒரு பதிலைத் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு என்று வந்தபோதுதான், அந்தப் பதிலை இத்தனை நாளும் எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன்.

நான் வேலை பார்த்தது ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில் உள்ள ஒரு கடையில். சென்ற மாதம் அதை விட்டுவிட்டு, மருந்தியல் டிப்ளமா படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கிறேன். கல்லூரி நேரம் மகளின் பள்ளி நேரத்தோடு பொருந்துகிறது. கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று இந்த மருந்தாளுநர் பத்திரிகையில் கேட்டார்கள். முப்பத்தாறு வயதில் அனுபவசாலி போல எழுத உட்காருவது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. மருந்துகளின் பெயரும் அளவும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை நான் செய்த தவறுகள். இரண்டைச் சொல்கிறேன். இரண்டுமே இரும்புச் சத்து மாத்திரை சம்பந்தப்பட்டவை. முதலாவது சின்னது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒருவர் தன் மகளுக்கு இரும்பு மாத்திரை வாங்கிப் போனார். டாக்டர் சீட்டு சரி, மருந்து சரி, அளவும் சரி. நான்கு நாள் கழித்து வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று பயந்து, ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் காத்திருந்து, இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று அங்கே தெரிந்துகொண்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. "பைலே போல்னா நா மேடம்," என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும்தான் அவர் கேட்டது. சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து யாருக்கு இரும்பு மாத்திரை எடுத்துக் கொடுத்தாலும் சொல்லத் தொடங்கினேன். கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். டீ, காபி, பாலோடு போடாதீர்கள். கால்சியம், கேஸ் மாத்திரை எல்லாம் அதோடு வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் நல்லது. நாளாக ஆக, நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் நிற்கிறவர்கள் "டீ, காபி, பால்" என்று எனக்கு முன்பே சொல்லி முடித்துவிடுவார்கள்.

கடையில் நான் கொண்டுவந்த இன்னொரு வழக்கமும் இருந்தது. புதுச் சீட்டோடு வருகிறவர், ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், அதையெல்லாம் கவுண்டர் கண்ணாடி மேல் பரப்பி வைக்கச் சொல்வோம். ஸ்ட்ரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எது எதோடு சேரக் கூடாது என்பது தானாகவே கண்ணில் படும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கையோடு கொண்டு வராதவர்களை வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்வோம். அதற்காகவே வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

இப்போது இரண்டாவது தவறு.

என் மகள் ஷைனி ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் கோ-கோ அணியில் ஓடுகிறவள். சென்ற டிசம்பரில் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவள் கண் இருட்டுகிறது என்று முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் அவளை ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தார்கள். இரத்தப் பரிசோதனையில், பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு. டாக்டர் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். நிறையப் போகிறது என்று ஷைனி அவரிடம் சொன்னாள். என்னிடம் அதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டாக்டர் ஓர் இரும்பு மாத்திரை எழுதிவிட்டு, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றிக் கொடுங்கள், உங்களுக்குத் தெரியாததா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கடை நிறைய மாத்திரை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் மாத்திரை போட்ட மூன்றாம் நாள் ஷைனி பள்ளிப் பேருந்தில் வாந்தி எடுத்தாள். வீட்டில் நாங்கள் திருநெல்வேலித் தமிழ்தான் பேசுகிறோம். அவளுக்கு அது முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். அன்று மாத்திரையைக் கையில் வைத்தபோது "நக்கோ மம்மி", வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். பேருந்தில் எல்லாரும் பார்த்தது அவளுக்கு வாந்தியைவிடப் பெரிய துன்பம்.

இரண்டாவது மாத்திரைக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வந்தன. ஒரு வாரத்தில் நிறுத்தினேன். மூன்றாவதாக டானிக். துருப்பிடித்த கேட்டை நக்கினாற்போல இருக்கிறது என்றாள். பல்லில் வேறு கறை. அதையும் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் மூன்று மருந்து. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் மருந்து விஷயத்தில் தலையிடுகிறவர் இல்லை. அன்று மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "நீ மாத்துத வேகத்துல அவ வயிறு எதைன்னு பாத்துப் பழகும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்று ஒப்புக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு மருந்துக் கம்பெனி ரெப் வந்தார். வயிற்றுக்கு மென்மையான இரும்பு என்று ஒரு புது மாத்திரையைக் காட்டி, "இது உள்ள போறது வயித்துக்கே தெரியாது மேடம்," என்றார். வழக்கமாக ரெப் சொல்வதில் பாதியைத்தான் காதில் வாங்குவேன். அன்று முழுவதையும் வாங்கினேன்.

மாத்திரை நல்ல மாத்திரைதான். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் ஏற்கெனவே மூன்று முறை சூடுபட்டவள். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். கூடக் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு டம்ளர் ராகி மால்ட்டோடு கொடுத்தேன். ராகியிலும் இரும்பு இருக்கிறது, சேர்ந்தே போகட்டும் என்பது என் கணக்கு. பத்து நாள் கழித்து நெஞ்சு எரிகிறது என்றாள். பழைய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருக்கும் என்று, காலையில் எழுந்ததும் ஒரு கேஸ் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன்.

அதன்பின் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. வாந்தி இல்லை, வலி இல்லை, நக்கோ இல்லை. கடைக்கு வந்த இரண்டு அம்மாக்களிடம், என் மகளுக்கே இதைத்தான் கொடுக்கிறேன் என்று சொல்லி அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி கடைசியில் மறுபடி இரத்தம் எடுத்தோம். எட்டு புள்ளி ஏழு. வயிற்றுக்குத் தெரியாது என்று ரெப் சொன்னது உண்மைதான். இரத்தத்துக்கும் தெரியவில்லை.

டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார். உள்ளே எங்காவது இரத்தம் போகிறதா, குடல் சத்தை இழுக்க மறுக்கிறதா, பரம்பரையாக ஏதாவது இருக்கிறதா. அதற்குச் சில பரிசோதனைகள். அதுவரை காத்திருக்காமல் ஒரு நாள் மருத்துவமனையில் படுக்க வைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றிவிடலாம் என்று சீட்டு எழுதினார். எழுதும்போதே, "நீங்க குடுக்கறீங்க, அதனால ஒழுங்காத்தான் போயிருக்கும்," என்றார். நான் தலையை ஆட்டினேன். பொய் என்று நினைத்து ஆட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியில் சிக்னலில் நின்றபோது ஷைனி பின்னாலிருந்து, "மம்மி, எனக்குப் பெருசா ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டாள். அவள் அதைத் தமிழில் கேட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியாது.

மறுநாள் விடுப்பு எடுத்திருந்தேன். சீட்டில் இருந்த ஊசி மருந்துகளை வாங்க எங்கள் கடைக்கே போனேன். விடுப்பு நாள் என்பதால் உள்ளே போகாமல் தெருப் பக்கம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவள் சேர்ந்து மூன்றே மாதமான பெண். இருபத்திரண்டு வயது. இதை எழுதுவதாகச் சொன்னபோது, பெயர் மட்டும் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அவள் என்னிடம் பேசுவது தெலுங்கு. நான் தமிழில் எழுதுகிறேன்.

சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு, "இப்ப என்னென்ன போட்டுட்டு இருக்கான்னு கண்ணாடி மேல வைங்க அக்கா," என்றாள்.

"எனக்கேவா?" என்றேன்.

"சீட்டு கொண்டு வந்தா யாரா இருந்தாலும் வைக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிற பெரியவர். மாதாமாதம் நான் அவரது பையைக் கொட்டிப் பரப்ப வைத்திருக்கிறேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ரக்கோ மேடம், ரக்கோ," என்றார். நாங்கள் எல்லாம் வைக்கவில்லையா என்று பக்கத்திலிருந்தவரிடம் வேறு கேட்டார்.

தீரப் போகிறது, வாங்க வேண்டும் என்று கைப்பையில் போட்டு வந்திருந்த இரண்டு ஸ்ட்ரிப்பையும் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன். இரும்பு ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. அவள் கேஸ் மாத்திரையைத் தொட்டு எப்போது என்று கேட்டாள். தினமும் காலையில் என்றேன். இரும்பைத் தொட்டாள். இரவு சாப்பிட்ட பிறகு என்றேன்.

"தண்ணியோடவா?"

"ராகி மால்ட்டோட."

"மால்ட் தண்ணியிலயா அக்கா, பால்லயா?"

"பால்ல," என்று சொல்லும்போதே கண்ணாடி மேல் கிடந்த இரண்டு ஸ்ட்ரிப்பையும் மறுபடி பார்த்தேன்.

இரும்பு உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் போடும் அந்தக் கேஸ் மாத்திரை நாள் முழுக்க அமிலத்தை அடக்கி வைக்கும். மிச்சமிருந்ததைப் பால் பிடித்து வைத்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அதற்கு முந்தைய மாதம்தான் அந்தப் பெண்ணுக்கு இதே கவுண்டரில் விளக்கியிருந்தேன். ஆனால் ஷைனியின் மருந்துகள் ஒரு நாளும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாரம், ஒவ்வொரு கரிசனத்துக்காக, என் கைப்பைக்குள் தனித்தனியாக வீட்டுக்குப் போயிற்று. பாலை நான் பால் என்றே நினைக்கவில்லை. அது என் மனதில் ராகியாகத்தான் இருந்தது. அவள் வயிறு நோகாமல் இருக்க நான் செய்த ஒவ்வொன்றும் இரும்பை உள்ளே விடாமல் தடுத்திருந்தது.

அந்தப் பெண் அதற்கு மேல் கேட்கவில்லை. உதட்டோரச் சிரிப்புகூட இல்லை. சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "டாக்டருக்கு ஒரு போன் பண்ணிடுங்க அக்கா. ஊசி எங்கயும் போயிடாது, ஃப்ரிட்ஜ் பக்கத்துல எடுத்து வைக்கறேன்." பிறகு பின்னால் இருந்த பெரியவரைப் பார்த்து, உங்க பையைக் கொட்டுங்க என்றாள்.

கடைக்கு வெளியே வந்து கால் மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. எனக்கு வேறொரு வழியும் தெரிந்தது. நரம்பில் ஏற்றினால் இரும்பு எப்படியும் ஏறும். பரிசோதனைகளில் ஒன்றும் வராது. கேஸ் மாத்திரையையும் மால்ட்டையும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரிடம் என் பெயர் கெடாது. ஆனால் என் பெண் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டு ஊசிக்குக் கையை நீட்டுவாள். அவளுக்கு ஊசி என்றால் உயிர் போகும். சிக்னலில் அவள் கேட்டது இன்னும் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. போன் செய்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். "வேற யாரா இருந்தாலும் எதோட குடுக்கறீங்கன்னு நான் கேட்டிருப்பேன்," என்றார் டாக்டர். "நீங்கன்னதால கேக்கல. அது என் தப்பு." பிறகு ஊசியையும் பரிசோதனைகளையும் நான்கு வாரம் தள்ளி வைத்தார். கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாப்பாட்டுக்கு நடுவில் வயிறு காலியாக இருக்கும் நேரம், புளிப்பான பழம் எதனோடாவது கொடுக்கச் சொன்னார். தினமும் போடாவிட்டால் வயிறும் தாங்கும், நன்றாகச் சேரவும் செய்யும் என்றார். எந்த மாத்திரைக்கு மாற்றலாம் என்று கேட்டேன். ஒரு பெயர் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "ஒண்ணும் மாத்த வேண்டாம். இப்ப இருக்கறதே இருக்கட்டும். நெஞ்சு எரிஞ்சா எனக்கு போன் பண்ணுங்க, நீங்களா எதுவும் குடுக்காதீங்க."

ஷைனியிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். கழற்றிய ஒரு ஷூவைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"ஸோ, ரெண்டு மாசம் வேஸ்ட்?"

"ஆமா."

"நீ பார்மசிஸ்ட் ஹை நா மம்மி?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதற்கு அவள் பேசும் ஹைதராபாத் ஹிந்தியில்.

அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இருக்காது என்று டாக்டர் நினைக்கிறார், நான்கு வாரத்தில் தெரியும் என்று சொன்னேன். அன்று வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நேரத்தையும் பழத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். பள்ளி வாசலில் நாலு மணிக்கு ஒரு கொய்யாப்பழ வண்டி நிற்கும். நறுக்கி உப்பும் மிளகாய்த் தூளும் போட்டுத் தருவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதைத் தின்றால் துரு வாசனை தெரியாது என்றாள். டாக்டரிடம் கேட்டேன். மிகவும் நல்லது என்றார். ஷைனி இன்னொரு நிபந்தனையும் போட்டாள். ஸ்ட்ரிப் அவள் பையில்தான் இருக்கும். போட்டாயா என்று நான் ஒரு நாளும் கேட்கக் கூடாது. சம்மதித்தேன். முதல் வாரம் நாலு மணி ஆனால் கவுண்டரில் எனக்குக் கை ஓடவில்லை.

நான்கு வாரம் கழித்துப் பத்து புள்ளி இரண்டு. டாக்டர் ஊசிச் சீட்டின் குறுக்கே கோடு போட்டார். பழைய வாந்தி ஷைனிக்குத் திரும்ப வரவில்லை. நெஞ்சு எரிச்சலும் தானாகப் போய்விட்டது. பள்ளியில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். போன வாரம் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிராய்ப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட அம்மா ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த மாத்திரையை என் பேச்சை நம்பி வாங்கிய இரண்டு அம்மாக்களையும் கூப்பிட்டு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் டீயோடு கொடுத்துக்கொண்டிருந்தார். "டீ, காபி, பால்" என்று நான் ஒப்பிக்கத் தொடங்கியதும், அதான் தெரியுமே என்றார்.

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டுக்கு மருந்து வாங்கும்போது நீங்களே அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். தெருப் பக்கம் வந்து, சீட்டை இன்னொருவரிடம் கொடுங்கள். உங்களைவிடச் சிறியவராக இருந்தாலும் கொடுங்கள். உங்கள் சீனியர் சீட்டோடு வந்து நின்றால், மற்றவர்களிடம் கேட்பதை அவரிடமும் கேளுங்கள். முதலில் கோபம் வரும். எனக்கும் கொஞ்சம் வந்தது.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஷைனிக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை, தலை சுற்றுவதில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இப்போதே இரண்டு முறை சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் கோடை விடுமுறை. பள்ளி வாசலும் இல்லை, கொய்யா வண்டியும் இல்லை. நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது பை நாற்காலியில் கிடந்தது. ஜிப் மேல் வைத்த கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஸ்ட்ரிப்பில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பது கேட்பதில் சேருமா? இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் வளர்ந்த பெண் பிள்ளைகள் உள்ளவர்கள் யாராவது எழுதுங்கள். விடுமுறை தொடங்குவதற்குள் எழுதினால் நல்லது.